அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கும் மதிப்பெண் பட்டியல்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 37 வயது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஊர். 2006இல் பிளஸ் டூ முடித்தேன். பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும்போது கல்யாணம் செய்துவைத்தார்கள், படிப்பு அதோடு நின்றது. கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கு முழுக்க நான்தான் பார்க்கிறேன். ஜிஎஸ்டி கணக்கு ஒரு மாதம்கூடத் தாமதமானதில்லை. ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படிக்க வேண்டும் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை விண்ணப்பம் வாங்கி வைத்து அப்படியே போய்விட்டது. போன வருடம் ஆன்லைனில் பாதிவரை நிரப்பிவிட்டு நிறுத்திவிட்டேன். கடைசித் தேதியை எப்படியும் நீட்டிப்பார்கள் என்று இருந்துவிடுவேன். நீட்டித்த தேதியும் போய்விடும். மார்க் ஷீட் வேறு அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கிறது. 2019இல் அம்மா தவறிய பிறகு நகை விஷயத்தில் கொஞ்சம் மனஸ்தாபம், அங்கே போக்குவரத்து இல்லை. ஒரு நாள் போய் எடுத்துவர வேண்டும்.

பகலில் நேரமே இல்லை. இரவு பத்து மணிக்குப் போனை எடுத்தால் பதினொன்றரை வரை ரீல்ஸ்தான் ஓடுகிறது. மாலையானாலே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, "நீ எங்கே படிக்கப் போற" என்று சிரிக்கிறார். மகளும் சேர்ந்து சிரிக்கிறாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. நான் சோம்பேறிதானா? எப்படித் தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் வதைக்கிறது. நீங்கள் சோம்பேறி கிடையாது. கடைக் கணக்கை மாதம் தவறாமல் முடித்துக் கொடுக்கிறவரைச் சோம்பேறி என்று எந்த அளவுகோலை வைத்தும் சொல்ல முடியாது. தமிழ் படிக்க ஆசைப்படுகிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். நெடுநீர் என்றால் காலம் நீட்டிப்பது, அதாவது தள்ளிப்போடுவது. மடி என்றால் சோம்பல். இரண்டையும் அவர் தனித்தனியாகத்தான் எண்ணியிருக்கிறார். நாம்தான் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

என் அனுபவத்திலும் இரண்டும் வேறு வேறு. சோம்பலாக இருக்கிறவர் நிம்மதியாக இருப்பார். தள்ளிப்போடுகிறவருக்கு ஓய்வே கிடையாது. வேலையையும் செய்திருக்க மாட்டார், அதை நினைக்காமலும் இருந்திருக்க மாட்டார். செய்யாத வேலையை ஆறு வருடம் சுமப்பது, மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்குவதைவிட அதிக உழைப்பு. மாலையில் உங்கள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். உடம்பைப் பற்றித் தனியாகவும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை "நேரமில்லை" என்பதும் ரீல்ஸும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் தடவை ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். "மார்க் ஷீட் வேறு அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த "வேறு" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏதோ கூடுதல் தொல்லை போல அதை ஓரமாக வைத்திருக்கிறீர்கள். அடுத்து வருடங்களைப் பாருங்கள். அம்மா தவறியது 2019. படிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கி ஆறு வருடம். இரண்டும் ஒரே காலம்.

நான் ஊகிக்கத்தான் செய்கிறேன். தவறாக இருந்தால் தள்ளிவிடுங்கள். ஆன்லைனில் நீங்கள் பாதிவரை நிரப்பிய விண்ணப்பம் எந்த இடத்தில் நின்றது? பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் நிரப்பியிருப்பீர்கள். மதிப்பெண் பட்டியலைப் பதிவேற்றும் பக்கம் வந்ததும் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று மூடிவிட்டீர்களா? அப்படியென்றால் நீங்கள் ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டு வருவது அண்ணனுக்குச் செய்ய வேண்டிய ஒரு போன். அதன் பாரம் முழுவதும் படிப்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தள்ளிப்போடுவதை ரொம்ப நாள் நேர மேலாண்மைக் கோளாறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அட்டவணை போடு, அலாரம் வை என்பார்கள். 2013இல் ஃபியூஷியா சிரோயிஸ், டிம் பைச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதை மனநிலையின் பக்கமிருந்து பார்த்தது. ஒரு வேலையைத் தொட்டவுடன் மனத்தில் பயமோ சங்கடமோ வெட்கமோ எழுகிறது. அந்த நிமிடத்துச் சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தான் வேலையை விட்டு விலகுகிறோம் என்கிறது அவர்கள் வாதம். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதுதான். விண்ணப்பத்தைத் திறக்கும்போது நெஞ்சில் ஒரு முள் குத்துகிறது. மூடினால் முள் இல்லை. மூடுவது சுகம் என்று மனம் பழகிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூடிவிடுகிறது. உங்களுக்கு முள்ளாக இருப்பது படிப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த வீட்டு வாசல், அம்மா இல்லாத அந்தத் திண்ணை, நகைப் பேச்சு, அண்ணியின் முகம், இவையெல்லாம் அந்த ஒரு காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எம்.ஃபில். ஆய்வேட்டைத் தேர்வாளர் திருத்தக் குறிப்புகளோடு திருப்பி அனுப்பிய உறையை ஐந்து மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். துணி அலமாரியில், புடவைகளுக்கு அடியில். யார் கேட்டாலும் "திருத்தம் பண்ணிட்டிருக்கேன்" என்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று நானே கற்பனை செய்து எத்தனையோ இரவு தூங்கவில்லை. கடைசியில் என் தங்கை பிரித்து வாசித்தாள். இரண்டு பக்கக் குறிப்பு. ஒன்பது நாளில் திருத்தி முடித்தேன். அந்த ஐந்து மாதத்தில் நான் தள்ளிப்போட்டது திருத்த வேலையை என்றே நம்பியிருந்தேன். உண்மையில் உறையைப் பிரிக்கும் ஒரு நிமிடத்தைத்தான் தள்ளிப்போட்டிருந்தேன்.

ஆகவே, எப்படித் தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது: விண்ணப்பத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாடத்திட்டத்தையும் பார்க்க வேண்டாம். அந்தப் போனை முதலில் செய்யுங்கள்.

இதற்குச் சுற்றுவழிகள் தோன்றும். மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் சான்றிதழ் வாங்கிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது தொலையவில்லை, இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால், படிப்பு தொடங்கும் முன்பே இன்னொரு முள்ளை நட்டுக்கொள்வீர்கள். கணவரை அனுப்பலாமே என்றும் தோன்றும். மச்சானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசினால் பேச்சு எப்படியும் நகைக்குப் போய்விடும். நீங்கள் கேட்பது ஒரு காகிதம். அது உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்கள் எழுதி வாங்கிய மதிப்பெண். அதைக் கேட்க நீங்கள் யாருக்கும் எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. நகை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், அதைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். அன்றைக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள்.

"ஒரு நாள் போய் எடுத்துவர வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஒரு நாள்" நாள்காட்டியில் இல்லை. கிழமையும் நேரமும் குறித்தாக வேண்டும். 1997இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், மாணவர்களிடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவை எப்படிக் கழித்தார்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எங்கே உட்கார்ந்து, எப்போது எழுதப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் சொன்ன நேரத்துக்குள் அனுப்பினார்கள். குறித்துக் கொடுத்தவர்களில் அதைப்போல இரண்டு மடங்கு பேர் அனுப்பினார்கள். ஆசை இரண்டு பக்கமும் ஒன்றுதான், இடமும் நேரமும் குறித்ததில்தான் வித்தியாசம். நீங்கள் இப்படி எழுதுங்கள்: "வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்வேன்." கடையில் சத்தம் இல்லாத நேரம் எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டிலேயே எழுதுங்கள். அந்த நோட்டில் எழுதிய எதையும் நீங்கள் விட்டதில்லை.

இரவு போன் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அதை முதலில் நிறுத்துங்கள் என்றுதான் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் உங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடிய பெண்களிடம் அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்த எடுப்பில் பிடுங்கச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. களைத்துப் போன அந்த நேரத்தில் இலக்கணம் ஏறவும் ஏறாது. படிப்புக்கு வேறு நேரம் இருக்கிறது. மதிய வெயிலில் கடைக்கு ஆள் வராத இருபது நிமிடம் நிச்சயம் இருக்கும். அது போதும், தொடங்குவதற்கு. படிப்பில் சுவை பிடித்த பிறகு இரவுப் பழக்கம் பெரும்பாலும் தானாகவே சுருங்கும். தூக்கம் கெடுகிறது என்பது மட்டும்தான் என் கவலை. பதினொன்றரையைப் பதினொன்றாக்க முடிந்தால் நல்லது.

உடம்பு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. உங்களுக்கும் இருக்கலாம். தைராய்டும் இப்படிக் களைப்பைக் கொடுக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடலில் இருக்கும் குறையை மனத்தின் குற்றமாக நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்ளும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். "என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது படிப்பு விஷயத்தில் மட்டுமா, அல்லது எதிலுமே பிடிப்பு இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி, நாள் முழுக்க மனம் கனத்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? இரண்டாவது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற, அரசு நடத்தும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்துபோனாலும் காத்திருக்காமல் அன்றைக்கே பேசுங்கள்.

கணவரும் மகளும் சிரிப்பதைப் பற்றி. அது உங்களைக் காயப்படுத்துகிறது, அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் ஆறு வருடம் கேட்ட பேச்சு என்பதால் அவர்களுக்கு அது வீட்டுக் கதையாகிவிட்டது. இந்த முறை எதையும் அறிவிக்காதீர்கள். பணம் கட்டிய ரசீது கைக்கு வந்த பிறகு காட்டினால் போதும். மகளிடம் மட்டும் வேறு ஓர் உதவி கேட்கலாம். அவளும் இந்த வருடம் பரீட்சைக்குப் படிக்கிறாள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒரே மேசையில் இருவரும் உட்காருங்கள். அவள் அவளுடைய பாடம், நீங்கள் உங்களுடையது. பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது கடினம்.

சேர்க்கை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு இரண்டு பருவம், ஜனவரி, ஜூலை. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அந்தப் பருவத்துக்கு அந்தப் படிப்பை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று அந்தக் குழுவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். அனுமதி பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கும் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் தெளிவாக அறிவித்துவிட்டது. மூன்று வருடத்தில் முடிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் வேண்டாம். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இளங்கலைப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் தருகிறார்கள், மற்ற இடங்களில் எவ்வளவு என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கடைசித் தேதி. நீட்டிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டதால் அந்தத் தேதிக்கு உங்களிடம் மரியாதை போய்விட்டது. ஜிஎஸ்டிக்கு அப்படி நினைப்பதில்லை, ஏனென்றால் அபராதம் வரும். முதலில் அறிவிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பு ஒரு தேதியைக் கணக்கு நோட்டில் உங்கள் கையால் எழுதி, அதையே கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகும் சில நாள் விட்டுப்போகும். மகளுக்குக் காய்ச்சல் வரும், கடைக்குச் சரக்கு வந்து இறங்கும், புத்தகத்தைத் தொட முடியாது. உங்களைப் போன்றவர்கள் கவிழ்வது அந்த இடத்தில்தான். ஒரு நாள் விட்டதும் "பார், நான் இப்படித்தான்" என்று தன்னையே திட்டத் தொடங்குவார்கள். திட்டு தாங்காமல் புத்தகத்தின் பக்கமே போக மாட்டார்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்து நடத்திய, 2010இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நம் ஊரில் இதற்கு நேர்மாறாகச் சொல்லி வளர்க்கிறோம், தன்னைத்தானே குத்திக்கொண்டால்தான் புத்தி வரும் என்று. எத்தனையோ பேர் அப்படிக் குத்திக் குத்தியே ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்குமளவுக்கு ஊற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆக, விட்டுப்போன நாளுக்கு மறுநாள் மதியம் அதே நாற்காலியில் உட்காருங்கள். விட்டதை ஈடுகட்ட நாற்பது நிமிடம் படிக்க வேண்டாம், வழக்கமான இருபது போதும்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். போனில் என்ன பேசுவது என்று யோசித்தே இன்னொரு வாரம் போய்விடும் என்பதால், நான் எழுதித் தருகிறேன். உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அண்ணா, நான்தான். நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன விஷயம். என் மார்க் ஷீட் அங்கே பீரோவுல இருக்கு. காலேஜ்ல சேரலாம்னு இருக்கேன், அதுக்கு வேணும். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து வாங்கிக்கட்டுமா?"

இவ்வளவுதான். அவர் நகைப் பேச்சை எடுத்தால், "அதை இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம் அண்ணா, இப்போ மார்க் ஷீட்டுக்குத்தான் போன் பண்ணினேன்" என்று சொல்லுங்கள். போனை எடுக்கவில்லை என்றால் இதையே குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். இரண்டு நாள் பதில் இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை உள்ள சித்தப்பாவோ பெரியம்மாவோ ஒருவர் இருப்பார், அவரிடம் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒருவேளை அண்ணனே "ஏன் இத்தனை நாளாக் கேட்கலை?" என்று கேட்டுவிடலாம். அப்போது தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். அம்மா இல்லாத வீட்டுக்கு ஆறு வருடம் கழித்துப் பேசுகிறீர்கள், அழுகை வரத்தான் செய்யும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் அதே பீரோவில்தான் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள், இன்னொரு போன் செய்ய வேண்டியிருக்காது.